காலி டிஸ்க்கில் முதலில் ஏறுவது எது?

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் காரனோடையும் தச்சூரும் தாண்டினால் புதுவாயல். பெரியபாளையம் போகிற சாலை இங்கேதான் பிரிகிறது. கொஞ்ச தூரத்தில் கவரைப்பேட்டை ரயில் நிலையம், அதற்கும் வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. ரோலிங் மில்கள், ஃபவுண்டரிகள், குடோன்கள், லாரிகள் வரிசை கட்டும் எடை மேடைகள், நடுநடுவே பொறியியல் கல்லூரிகள் என்று கலந்து கிடக்கிற பகுதி. இத்தனை இருக்கிற இடத்தில் புதுக் கணினி வந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கும். எடை மேடைக் கூண்டுக்கு ஒன்று, குடோன் வாசலில் கேட் பாஸ் அடிக்க ஒன்று, ஜெராக்ஸ் கடைக்கு ஒன்று, கல்லூரி ஆய்வகம் என்றால் மொத்தமாகப் பல டஜன்.

இவற்றில் பெரிய பங்கு அசெம்பிள் செட். மதர்போர்டு, பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, கேபினட் என்று சென்னை ரிச்சி தெருவில் தனித்தனியாக வாங்கி, அங்கேயே பூட்டியோ இங்கே கொண்டுவந்து பூட்டியோ தயாராகிறவை. பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றும், திரையில் மதர்போர்டு கம்பெனியின் முத்திரை வரும், அடுத்த வரியில் பூட் செய்ய எதுவும் இல்லை என்று நிற்கும். டிஸ்க் காலி. கணினியின் வாழ்நாளில் அதன் சொந்தக்காரர் எந்தக் கட்டும் இல்லாமல் முடிவெடுக்கக் கூடிய தருணம் அது ஒன்றுதான். நம் ஊரில் அந்த முடிவைச் சொந்தக்காரர் எடுப்பதில்லை. “தம்பி, ஓ.எஸ். போட்டுக் குடுத்துடு” என்கிற ஒற்றை வாக்கியத்தில் அது சர்வீஸ் ஆளின் சட்டைப் பையில் இருக்கும் பென்டிரைவுக்குப் போய்விடுகிறது.

அந்தப் பென்டிரைவில் பெரும்பாலும் இருப்பது கிராக் செய்த விண்டோஸ். உரிமத்தோடு வாங்கினால் விண்டோஸ் 11 ஹோம் பதிப்புக்கே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மொத்த அசெம்பிள் செட்டே இருபத்தைந்தாயிரத்துக்குள் முடிக்கச் சொல்கிற கடைக்காரரிடம் அந்தத் தொகையைக் கேட்க முடியாது என்பது சர்வீஸ் ஆளுக்குத் தெரியும். கிராக் வேலை செய்வதற்காக முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துவார்கள். பிறகு யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலை நிர்வாகி அதிகாரத்தோடு ஓடவிடுவார்கள். உரிமம் கேட்டு மறுபடி தொல்லை வராமலிருக்க அப்டேட்டையும் நிறுத்திவிடுவார்கள். அதே கணினியில்தான் மறுநாள் ஜிஎஸ்டி கணக்கு திறக்கும், வங்கிக் கடவுச்சொல் அடிக்கப்படும்.

அப்டேட் நிறுத்திய கணினிக்கு என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, நம் திருவள்ளூர் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வருகிற திருப்பதியில் தேவஸ்தான அலுவலகத்தின் சில கணினிகளும் முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அடிபட்டவை அதை வாங்கிக்கொள்ளாத கணினிகளே. விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் ஆபத்தே வராது என்று நான் சொல்ல மாட்டேன். அப்டேட் வாங்குவதற்கு யாரிடமும் உரிம எண் காட்ட வேண்டியதில்லை என்பதே அதில் பெரிய பாதுகாப்பு.

தமிழ்நாடு ஒரு முறை முயன்றது

காலி டிஸ்க்கில் எது ஏற வேண்டும் என்பதை இந்த மாநில அரசே ஒரு காலத்தில் கேள்வியாக எடுத்துக்கொண்டது என்பது இன்றைய கல்லூரி மாணவர்களுக்குத் தெரியாது. 2006-க்குப் பிறகு மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர், அரசுக்கு வாங்கும் கணினிகளோடு விண்டோஸையும் சேர்த்து வாங்குகிற பழக்கத்தை நிறுத்தப் பார்த்தார். முதலில் எல்காட்டின் சொந்த அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. அலுவலகத்தில் ஓடுகிறது என்று காட்டிய பிறகு அரசுப் பள்ளிகளுக்குப் போகும் ஆயிரக்கணக்கான கணினிகளுக்கும் அதே ஏற்பாடு. ஊருக்கு உபதேசம் செய்யும் முன் தன் மேசையில் செய்து பார்த்த அந்த வரிசை எனக்கு இன்றும் மதிப்பாகப் படுகிறது. 2008-இல் அவர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். வேகம் குறைந்தது.

அதே நாட்களில் சென்னையில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. அங்கிருந்து 2007-இல் வெளிவந்தது பாஸ் என்கிற இயங்குதளம். டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளோடு கட்டப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் ஓப்பன் சோர்ஸ் லேப் என்றே ஒரு தாள் இருந்தது. லினக்ஸின் மையக் கருவான கெர்னலைத் தன் கையால் கட்டமைத்து, கம்பைல் செய்து, நிறுவுவது அதில் ஒரு பயிற்சி.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். பின்வந்த ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் சேர்ந்து வந்தன. சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். லட்சக்கணக்கான பிளஸ் டூ பிள்ளைகளின் கைக்கு லினக்ஸ் நேராகப் போய்ச் சேர்ந்தது. 

அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் லினக்ஸைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டால் மனம் கசக்கிறது. வகுப்பில் யாரும் அதைத் திறந்து காட்டவில்லை. விண்டோஸில் சேமித்த படத்தை லினக்ஸிலிருந்து தொட்டால் ‘படிக்க மட்டும்’ என்று அடம்பிடிக்கும். விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்கிற அமைப்பை நிறுத்தினால் சரியாகிவிடும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. கணினி மெதுவாகிறது என்று கடையில் கொடுத்தால் ‘ஃபார்மேட் அடிச்சு’ விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். லினக்ஸ் இருந்த சுவடே போயிற்று.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. அங்கே குறுக்கே நின்றது தமிழ் எழுத்துரு. நம் அலுவலகங்களில் இருபது ஆண்டுக் கோப்புகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை தெரியும். யூனிகோடுதான் தரம் என்று 2010-லேயே அரசு அறிவித்துவிட்டது; தட்டச்சு செய்கிறவரின் விரல்கள் மாறவில்லை. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை எப்போதோ வந்துவிட்டது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த ஒருவருக்குப் பழகிய பழைய தட்டச்சு முறையை அங்கே எப்படிக் கொண்டுவருவது என்று காட்டித் தர ஒரு மதியம் ஒதுக்கியிருந்தால் பல அலுவலகங்களில் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

கேரளத்தில் ஆள் இருந்தது

தமிழ்நாட்டில் தோற்றது மென்பொருள் அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் பக்கத்து மாநிலம். அங்கே பள்ளிகளுக்காக 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் படிப்படியாக லினக்ஸுக்கு மாறியது. அதற்கு முதலில் தயாரானவர்கள் ஆசிரியர்கள். மாவட்டந்தோறும் முதன்மைப் பயிற்சியாளர்களை உருவாக்கி, அவர்கள் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லித்தந்து, பத்தாம் வகுப்பு கணினித் தேர்வையே லினக்ஸில் நடத்தினார்கள். பள்ளியில் பிரின்டர் ஓடவில்லை என்றால் போன் போட ஒரு எண் இருந்தது. இன்று கைட் என்ற பெயரில் இயங்கும் அந்த நிறுவனம், உபுண்டு லினக்ஸைப் பள்ளிக்கு ஏற்றாற்போல் மாற்றித் தன் பதிப்பாகவே வெளியிடுகிறது. இரண்டு லட்சம் கணினிகளில் அதை நிறுவியதால் உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் அறிவித்தார்கள்.

இரு மாநிலங்களும் போட்டது ஏறக்குறைய ஒரே மென்பொருள். பழுது வந்தால் கூப்பிடும் தூரத்தில் அங்கே ஒருவர் இருந்தார்.

ஒரு மதர்போர்டின் முன்னால்

நிறுவுகிற வேலையை இனி நெருங்கிப் பார்க்கலாம். புது மெஷினில் லினக்ஸ் ஏற்றுவது பழையதில் ஏற்றுவதைவிடச் சில இடங்களில் கடினம். பழைய கணினியின் ஒவ்வொரு சில்லுக்கும் டிரைவர் எழுதப்பட்டு வருடங்கள் ஆகியிருக்கும். போன மாதம் சந்தைக்கு வந்த மதர்போர்டுக்கு அப்படி இல்லை. டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில். அதன் கெர்னல் 6.1. அதற்குப் பிறகு பிறந்த கிராஃபிக்ஸையோ வைஃபை சில்லையோ அதற்குத் தெரியாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் கெர்னல் 6.12. ‘லினக்ஸ்ல வைஃபை வராது’ என்று சலித்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் புது மெஷினில் பழைய நிறுவல் கோப்பை, அதாவது பழைய ஐஎஸ்ஓவைப் போட்டவர்கள். நிலையான பதிப்பு என்று பெயர் கேட்டதும் அதையே எடுத்துவிடாமல், மதர்போர்டு வெளிவந்த தேதிக்குப் பிந்திய கெர்னல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஐஎஸ்ஓ கோப்பு மூன்று முதல் ஆறு ஜிபி வரை இருக்கும். இறக்கியதும் அதன் ஷா256 கூட்டுத்தொகையை இணையதளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுவதை யாரும் செய்வதில்லை. நெட் நடுவில் விட்டுவிட்டு வரும் இடங்களில், பாதி கெட்டுப்போன கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு நிறுவல் எழுபது சதவீதத்தில் நிற்கும்போது மெஷின்மேல் பழி போடுகிறோம். வென்டாய் என்கிற கருவியைப் பென்டிரைவில் ஒரு தடவை போட்டுவைத்தால் அதன்பின் எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் சாதாரணக் கோப்பு மாதிரி நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். சர்வீஸ் ஆளின் சட்டைப் பையில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸும் இருக்க அது ஒன்றே போதும்.

டெலீட் அல்லது எஃப்2 தட்டிப் பயாஸுக்குள் போகிறோம். ரேம் முழு அளவும் தெரிகிறதா, எஸ்எஸ்டி தெரிகிறதா? தெரிந்தும், லினக்ஸ் நிறுவி அந்த எஸ்எஸ்டியைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் இன்டெல் மெஷின்களில் பெரும்பாலும் காரணம் விஎம்டி என்கிற அமைப்பு. டிஸ்க்கை ரெய்டு கூட்டம் போல மறைத்து வைத்திருக்கும். அதை அணைத்துச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்தால் டிஸ்க் வந்துவிடும். புது மெஷின் என்பதால் அணைப்பதில் பயமில்லை. ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் மெஷினில் யோசிக்காமல் செய்தால் அந்த விண்டோஸ் எழாது.

அடுத்தது ‘நிறுவாமல் முயன்று பார்’ என்கிற வழி. டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, பிரின்டரைச் செருகினால் பெயர் சொல்லுகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தப் பத்து நிமிடத்தை ரிச்சி தெருக் கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன் செய்து பார்த்தால் ஒத்துவராத வைஃபை கார்டை அங்கேயே மாற்றிக்கொண்டு வரலாம். விண்டோஸ் வாங்குகிறவருக்கு இந்தச் சோதனை கிடையாது.

பார்ட்டிஷன் திரையில்தான் எல்லோருக்கும் கை நடுங்கும். காலி டிஸ்க்கில் நடுங்க வேண்டியதே இல்லை, அழிய எதுவும் இல்லை. பூட் செய்வதற்கு 500 எம்பி அளவில் ஒரு இஎஃப்ஐ பகுதி, இயங்குதளத்துக்கு ஐம்பது, அறுபது ஜிபி, மீதி முழுவதும் ‘ஹோம்’ என்று தனியாகப் பிரித்துவிட்டால் பின்னால் ஓ.எஸ்.ஸை மாற்றினாலும் கோப்புகள் அப்படியே இருக்கும். சி டிரைவ், டி டிரைவ் என்று பழகிய கைக்கு இது உடனே புரியும். எஸ்எஸ்டி என்றால் நிறுவல் இருபது நிமிடத்தில் முடிகிறது.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷினில் மட்டும் ஒரு பொறி உண்டு. செக்யூர் பூட் இயங்கும்போது டிரைவரை நிறுவினால் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று வந்து, சில நொடிகள் காத்திருக்கும். அது பிழைச் செய்தி அல்ல. அந்த டிரைவரின் கையொப்பத்தை மதர்போர்டில் பதிவு செய்ய அனுமதி கேட்கிறது. பதிவு செய்கிற வரியைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் ‘தொடர்’ என்று தட்டிவிட்டால் டிரைவர் ஏறாது, திரை மங்கலாக நிற்கும், லினக்ஸே சரியில்லை என்று ஆகிவிடும்.

இன்னொன்று நேரம். விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் நகர்ந்துவிடும். மதர்போர்டுக் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிக்கிறது. வீட்டில் அது சின்னத் தொந்தரவு. எடை மேடையில் லாரி நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் ரசீதில் தப்பாக விழுந்தால் சண்டை வரும். உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் முடிந்தது.

எது ஓடும், எது ஓடாது

கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கு இதை முழுவதுமாகப் பரிந்துரைக்க முடியாது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. பிஎல்சி நிரல் எழுதும் சீமென்ஸ் மென்பொருளும் அப்படியே. டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு என்றாலும் அதை ஜிஎஸ்டி தளத்தோடு இணைத்து வைப்பதற்குப் பொறுமை வேண்டும். டிராயிங் ஆபீஸுக்கும் கணக்குப்பிள்ளை மேசைக்கும் உரிமத்தோடு விண்டோஸ் வாங்குவதே நேர்மையான வழி.

அவை போக மீதி? கேட் பாஸ், இருப்புப் பதிவேடு, வருகைப் பதிவு, மின்னஞ்சல், கோட்டேஷன், இ-வே பில் எல்லாம் பிரவுசரிலும் லிப்ரே ஆபீஸிலும் நடக்கிறவை. எடை மேடைக் காட்டி பெரும்பாலும் சீரியல் போர்ட் வழியாக வெறும் எண்ணை அனுப்புகிறது. அதை வாசித்து ரசீது அடிக்க ஒரு சின்ன பைத்தான் நிரல் போதும், இன்ஜினீயரிங் இரண்டாம் வருட மாணவர் எழுதக்கூடியதே. பத்து கணினி உள்ள ஒரு கம்பெனியில் விண்டோஸ் கட்டாயம் வேண்டியவை எவை என்று உட்கார்ந்து எண்ணினால், மீதமுள்ளவற்றில் கிராக் இருக்க ஒரு காரணமும் மிஞ்சாது.

கல்லூரி ஆய்வகங்களுக்கு இது இன்னும் பொருந்தும். சி, பைத்தான், ஜாவா, தரவுத்தளம், நெட்வொர்க் என்று பாடத்திட்டம் கேட்பது அத்தனையும் லினக்ஸில் நன்றாக ஓடுகிறவை. ஒரு மெஷினில் நிறுவி, அதன் பிம்பத்தை எடுத்து, கிளோன்சில்லா மூலம் ஒரே இரவில் மொத்த ஆய்வகத்துக்கும் ஏற்றிவிடலாம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 சில்லும் 2018-ஐ ஒட்டி வந்த பிராசசர்களோ அதற்குப் பிந்தியவையோ கேட்கிறது. சிப்காட்டிலும் குடோன்களிலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ பழைய மெஷின்களுக்கு மேலே ஏற வழியில்லை. அவற்றைக் கழித்துவிட்டுப் புது மெஷின் வாங்குவதா என்ற பேச்சு ஒவ்வொரு ஆபீஸிலும் வரத்தான் போகிறது.

ஆள் எங்கே இருக்கிறார்கள்

தமிழில் இதற்கான அறிவு குவிந்து கிடக்கிறது. 2000-களின் தொடக்கத்திலேயே ‘ழ கணினி’ குழுவினர் லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கினார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் கூடுகிறது. த. சீனிவாசனும் நண்பர்களும் 2012-இல் ‘கணியம்’ மின்னிதழைத் தொடங்கினார்கள். அதில் து. நித்யா எழுதிய குனு/லினக்ஸ் பாடங்கள் மின்னூலாக இலவசமாகக் கிடைக்கின்றன; சர்வீஸ் கடையில் வேலை பழகும் ஒரு பையன் ஆங்கிலமே இல்லாமல் படித்துவிடலாம். விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் பயிற்சி தருகிறது. பெருநகரம் இல்லாத ஊரிலும் இது நிற்கும் என்பதற்கு விழுப்புரம் போதும்.

அப்படி ஒரு குழு நிற்பதற்கு விழுப்புரத்தைவிட இந்தச் சாலைக்குத்தான் வசதி அதிகம். புதுவாயலில் ஆர்.எம்.கே. பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதே குழுமத்தின் மற்றக் கல்லூரிகள் கவரைப்பேட்டையில். அங்கிருந்து சிப்காட் சில கிலோமீட்டர். ஒரு பக்கம் கெர்னலைப் பற்றிப் படிக்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைகள், மறுபக்கம் கிராக்கை நம்பி ஓடுகிற நூற்றுக்கணக்கான ஆபீஸ்கள், நடுவில் ஒரு நெடுஞ்சாலை. இறுதியாண்டு புராஜெக்ட் என்று எங்கிருந்தோ வாங்கி வந்து சமர்ப்பிக்கிறதற்குப் பதில், ஒரு எடை மேடைக்கு லினக்ஸ் நிறுவி, ரசீது நிரல் எழுதி, ஆறு மாதம் அதை ஓடவைத்துக் காட்டுவதைக் கல்லூரிகள் புராஜெக்ட்டாக ஏற்க வேண்டும். ஆறு மாதத்தில் பிரின்டர் கெடும், மின்சாரம் போய் டிஸ்க் சோதனைக்குப் போகும், ஆபரேட்டர் மாறுவார். அவ்வளவையும் சமாளித்த மாணவருக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேச விஷயம் இருக்கும்.

சர்வீஸ் கடைகள் பக்கமும் ஒன்று நடக்க வேண்டும். இந்தப் பகுதிக் கம்பெனிகள் கணினிக்கு ஏஎம்சி போடுகின்றன, வருடத்துக்கு இவ்வளவு என்று. அந்த கோட்டேஷனில் விண்டோஸ் ஃபார்மேட், ஆன்டிவைரஸ், பிரின்டர் சர்வீஸ் என்று வரிகள் இருக்கும். ‘லினக்ஸ் நிறுவலும் பராமரிப்பும்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, அதற்கு ஒரு நியாயமான தொகையைப் போட்டு, கூப்பிட்டால் அன்றைக்கே ஆள் வரும் என்று எழுதிக் கொடுக்கிற முதல் கடைக்கு கும்மிடிப்பூண்டியில் வேலை குறையாது. மென்பொருள் இலவசம், ஆளின் நேரம் இலவசம் அல்ல. கம்பெனி முதலாளி அதற்குத் தயங்காமல் பணம் தர வேண்டும். புது மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும் தாளிலேயே ‘ஓ.எஸ். இல்லாமல்’ என்று எழுதி, எதை ஏற்றுவது என்பதைத் தானே கேட்டுச் சொல்ல வேண்டும்.